பெத்தாளுக்கு நேர்ந்த விளக்கு

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், பழம்பொருட்களைக் காட்சிக்கு வைத்திருந்த பழைய வீடொன்றின் வாசற்படியில் கனகேஸ்வரி செருப்பைக் கழற்றினாள்.

“இதென்ன கோயிலே? நூதனசாலை. செருப்பைப் போடும்,” என்றார் கணவர் இராஜநாயகம்.

“உள்ளுக்குச் சாமி சிலையள் இருக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? சாமிக்கு முன்னால செருப்போட போறதோ?”

“நூதனசாலைச் சாமியள் ரிட்டையர் பண்ணின சாமியள். என்னை மாதிரி.”

இராஜநாயகம் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இலங்கைத் தீவை அவர் அளந்த அளவுக்குக் கடலலைகூட அளந்திருக்காது. ஓய்வு பெற்ற மறுநாளே அவருக்கு நூதனசாலைப் பைத்தியம் பிடித்துவிட்டது. யுத்தகாலம். கடற்கரையில் காற்று வாங்கப் போனாலும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, எங்கே இருக்கிறாய், ஏன் வந்தாய். நூதனசாலையிலோ வாசலில் ஒருதரம் பையைக் கிண்டிப் பார்த்தால் சரி. அதன்பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு மனிதனையும் ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கொழும்பில் ஒரு தமிழன் நிம்மதியாக மூச்சுவிட வேண்டுமானால் மண்டையோட்டுக்கும் பீரங்கிக்கும் நடுவில்தான் விடலாம் என்று அவர் தன் தடித்த சீ.ஆர். குறிப்புக் கொப்பியில் எழுதி, இரண்டு தரம் கீழ்க்கோடும் போட்டிருந்தார்.

பார்த்த இடங்களைப் பற்றி அந்தக் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதுவார். அவருக்கென்று ஒரு சட்டமும் உண்டு. பொருளை முதலில் கண்ணால் பார்க்கவேண்டும். பக்கத்திலுள்ள விவர அட்டையை வீட்டுக்குப் போகும்போதுதான் வாசிக்கவேண்டும். “அட்டையை முதல் வாசிச்சால் அட்டைதான் தெரியும், சாமான் தெரியாது,” என்பார். மனைவிக்கும் அதே சட்டம்தான்.

அந்தச் சட்டந்தான் அன்றைக்கு எல்லா வினையையும் இழுத்துவந்தது.

கனகேஸ்வரிக்கு நூதனசாலைகளைக் கண்டாலே வயிறு எரியும். பூவில்லை, பொட்டில்லை, ஒரு நேரப் படையலில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சாமிகள் பட்டினியாக நிற்கும். பாவம் என்று மனதுக்குள் ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டு வருவாள். ஆனால் அன்று வயிறு எரிந்ததற்குக் காரணம் வேறு.

காரணத்தின் பெயர் சிவமணி.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அடுத்த கதவு. சிவமணியின் மகனும் கனகேஸ்வரியின் மகன் ஆனந்தனும் ஒரே வகுப்பு, ஒரே ரியூசன், லண்டனுக்கு ஒரே மாதிரிப் படிப்பு விசா விண்ணப்பம். ஆனந்தனுக்கு இரண்டுதரம் மறுப்பு வந்தது. சிவமணியின் மகனுக்கு முதல் தரத்திலேயே கிடைத்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை சிவமணி லட்டோடு வந்தாள். அந்த லட்டு குளிர்சாதனப் பெட்டிக்குள் மூன்று நாள் இருந்து, கதவைத் திறக்கும்போதெல்லாம் கனகேஸ்வரியைப் பார்த்துச் சிரித்தது.

பொறாமை மட்டும் என்றால் விழுங்கியிருப்பாள். ஆமியும் பொலிசும் வீடுவீடாகத் தேடுகிற ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் ஆனந்தனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாந்தரம் போனவன் ஐந்து நாள் கழித்துத்தான் வந்தான். வந்தவன் பிறகு சத்தமாகச் சிரிக்கவில்லை. நாலாந்தரம் ஒன்று வருமுன் பிள்ளை பிளேன் ஏறவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது.

உள்ளே இருட்டு. மழை பொய்த்து, மணிக்கணக்காக மின்சாரத்தை வெட்டுகிற வருடம் அது. ஒரு காலத்தில் கப்பல் வியாபாரி ஒருவர் குடியிருந்த வீடு. சந்ததி அற்றுப்போக, ஒரு சங்கம் அதை நூதனசாலையாக்கியிருந்தது. காவலுக்கு இருந்தவர் பற்றிக் என்கிற கொட்டாஞ்சேனைக்காரர். தூக்கம் கலையாத முகத்தோடு டோர்ச் லைட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

“ஒரு டோர்ச்தான் இருக்கு அங்கிள். மேல பழைய மெப் எல்லாம் இருக்கு, பாருங்க.”

வரைபடம் என்ற சொல் காதில் விழுந்ததும் இராஜநாயகத்துக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. டோர்ச்சைப் பிடுங்கிக்கொண்டு படியேறினார். கனகேஸ்வரி வெறுங்காலோடு நடையில் தனியே நின்றாள்.

தரை சில்லென்றிருந்தது. நங்கூரச் சங்கிலி, உடைந்த பல்லக்கு, யாரோ பிள்ளை பெற்ற கட்டில். ஓட்டு வெடிப்பு வழியாக விழுந்த வெயில் ஒரு நூல் தடிப்பில் நின்றது. எங்கோ தண்ணீர் சொட்டியது. கடைசி அறையிலிருந்து ஒரு மணம் வந்தது: கசப்பும் கனமுமான எண்ணெய் மணம்.

இலுப்பெண்ணெய். வெள்ளவத்தையில் யாரும் அதை வாங்கிப் பத்து வருடமிருக்கும்.

அந்த அறையில் அவள் நின்றாள். எட்டு வயதுப் பிள்ளையின் உயரத்தில் வெண்கலப் பெண். உடம்பைச் சுற்றிச் சிவப்புப் பட்டுத் துணி. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே குவித்து, ‘தா’ என்று கேட்பதுபோல் ஏந்திக்கொண்டிருந்தாள். கைக்குள் ஒன்றுமில்லை.

காலடியில் விவர அட்டை இருந்தது. கனகேஸ்வரி கணவரின் சட்டத்தை மதித்து, அதைப் பார்க்கவில்லை.

‘அம்மாளாச்சி, வெறுங்கையோட நிக்கிறியே தாயே.’

கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தை உருவி அந்தக் கைகளுக்குள் வைத்தாள். பிறகு நெஞ்சிலிருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

“சிவமணியின்ர பிள்ளை மட்டுந்தான் பிள்ளையோ? அவளின்ர பிள்ளைக்கு முதல் என்ர பிள்ளை ஏறவேணும். ஏத்திவிட்டியெண்டால் நாப்பத்தொரு நாள் உனக்கு விளக்கேத்துவன். உனக்கு மட்டும். வேற ஒருத்தருக்கும் இல்லை.”

அவள் வெறுங்காலில் ஏதோ சொட்டியது.

சூடாக இருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஈரமில்லை. குனிந்து விரலால் தொட்டாள். எண்ணெய்.

அம்மன் உத்தரவு தந்துவிட்டாள் என்று கனகேஸ்வரிக்கு மெய்சிலிர்த்தது. அந்த வீட்டில் பேயே இருந்திருந்தாலும், தன்னைக் கண்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒருத்தியைக் கண்டு அது வெட்கப்பட்டிருக்கும்.

ஒன்பதாம் நாள் ஆனந்தனுக்கு விசா வந்தது. மறுப்பை எதிர்த்துப் போட்ட கடிதத்துக்கு, எல்லோரும் கைகழுவிவிட்ட பிறகு, பதில் வந்திருந்தது. அதே நாள் காலை சிவமணியின் மகனுக்கு அம்மாள் வருத்தம் கண்டு, உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு, அவன் பயணம் தள்ளிப்போனது. சிவமணி வேப்பிலை கட்டிக்கொண்டு அழுதாள். கனகேஸ்வரி ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டி, அந்த லட்டை எடுத்துச் சாப்பிட்டாள். அவ்வளவு ருசியான லட்டை அவள் பிறகு சீவியத்தில் சாப்பிடவில்லை.

“இஞ்சருங்கோ, கொட்டாஞ்சேனை அம்மனுக்கு விளக்கு நேர்ந்தனான். நூதனசாலைக்குள்ள ஏத்த விடுவினமோ?”

“எந்த அம்மன்?”

சொன்னாள். இராஜநாயகம் கொப்பியைப் புரட்டினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொடர்மாடியின் நாலு தளத்துக்கும் கேட்டிருக்கும்.

“அது அம்மனில்லையப்பா! பாவைவிளக்கு. அட்டையில இருந்ததை நான் அப்பிடியே எழுதி வைச்சிருக்கிறன். கோயிலில சாமிக்கு முன்னால விளக்கேந்திக்கொண்டு நிக்கிற பொம்பிளை. கையில இருந்த அகல் உடைஞ்சுபோச்சு. நீர் சாமியை விட்டிட்டு வேலைக்காரியிட்டை வரம் கேட்டிருக்கிறீர்!”

கனகேஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிழையைத் திருத்த அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: நேர்த்தியை உண்மையான அம்மனுக்கு மாற்றிவிடுவது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய் முதல் விளக்கை ஏற்றினாள்.

பற்றவில்லை.

திரியை மாற்றினாள். நெய்யை மாற்றினாள். நெருப்புப்பெட்டி முழுவதும் தீர்ந்தது. பக்கத்தில் மற்றப் பெண்களின் விளக்குகள் கூத்தாடிக்கொண்டு எரிந்தன. அவளுடையது மட்டும் புகைந்து கறுத்தது. ஐயர் வேறுபக்கம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சாமியறைத் திரையை விலக்கினாள். பதினெட்டுச் சாமிப்படங்கள். பிள்ளையாரிலிருந்து நாகபூசணி அம்மன் வரை.

பதினெட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

வெளியே பட்டப்பகல். கீழே ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

“ஆனந்தன், நீயோ படங்களைத் திருப்பினனி?” என்று கேட்டாள், இல்லையென்று தெரிந்தும்.

“நானில்லையம்மா.” அறை வாசலில் நின்ற மகன் கையில் கடவுச்சீட்டு இருந்தது. “அம்மா, இதில ஆர் எண்ணெய் ஊத்தினது?”

விசா ஒட்டிய பக்கத்தின் ஓரத்தில் ஒரு கறை. பெருவிரல் அளவு. இலுப்பெண்ணெய் மணந்தது.

மறுநாள் அது இன்னும் பரவியிருந்தது. மாவு தூவிப் பார்த்தார்கள், மை ஒற்றும் தாளை வைத்து அழுத்திப் பார்த்தார்கள், மொட்டைமாடி வெயிலில் காயவைத்தார்கள். மூன்றாம் நாள் அது மகனின் பெயரின் முதலெழுத்தைத் தொட்டது. எழுத்து ஊறிப் படர்ந்தது. பயணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது.

இராஜநாயகம் சிரிப்பதை நிறுத்தினார். அளவுகோலை எடுத்துக் கறையை அளந்தார். “நாளொண்டுக்கு நாலு மில்லிமீற்றர். அஞ்சு நாளில முழுப் பெயரும் போயிடும்,” என்றார்.

இருவரும் இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினார்கள்.

பற்றிக் அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். இந்தத் தரம் அவர் கண்ணில் தூக்கமில்லை.

“ஆன்ட்டி, நீங்க அதுக்குப் பூ வச்சீங்களா?”

“ஓம்.”

“வச்சிருக்கக் கூடாது.” குரலைத் தாழ்த்தினார். “அது இந்த வீட்டுக்காரரோட மூத்த சம்சாரம். பெத்தாள்னு பேர். புள்ள இல்லன்னு அவர் ரெண்டாவது கட்டினாரு. வந்தவளுக்குப் புள்ள பொறந்து, புள்ளைக்குச் சுகமில்லாம போச்சு. புள்ள பொழைக்கணும்னு மூத்தவ பேர்ல பாவைவிளக்கு நேர்ந்தது யார் தெரியுமா? அந்த ரெண்டாவதுதான். அச்சு அசலா பெத்தாள் மாதிரியே வார்க்கச் சொல்லி, கோயில்ல நிப்பாட்டினாங்க. யோசிச்சுப் பாருங்க ஆன்ட்டி. சக்களத்தி புள்ளைக்காக, இன்னொரு சாமிக்கு, காலம் பூரா விளக்கு ஏந்தணும்.”

“பிறகு?”

“கோயில்ல மூணு தடவ திரும்பி நின்னுச்சாம். அம்மனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. அதான் கோயில்காரங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. இவ்வளவு வருசத்துல அதுக்குன்னு ஒருத்தர் பூ வச்சது நீங்கதான். அத நீங்க…” சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார். “வேற எங்கயாவது விளக்குப் போட்டீங்களா?”

கனகேஸ்வரி அவரைத் தாண்டினாள். உள்ளே நடந்தாள். செருப்பு வாசலிலேயே கழன்றிருந்தது.

பெத்தாள் சுவரைப் பார்த்து நின்றாள்.

“காலையிலதான் நேரா வச்சேன்,” என்று பின்னாலிருந்து பற்றிக்கின் குரல் கிசுகிசுத்தது. அதற்குமேல் அவர் அறைக்குள் வரவில்லை.

கனகேஸ்வரி சுவருக்கும் சிலைக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்த்தாள். குவிந்த கைகளுக்குள் மல்லிகைச் சரம். இரண்டு வாரம் கடந்த பூ.

வாடவில்லை.

அவளுக்குப் பயம் வந்தது உண்மை. பயத்துக்குள்ளே இன்னொன்றும் வந்தது. இந்த முகத்தை அவள் அறிவாள். லட்டுத் தட்டை வாங்கியபோது கண்ணாடியில் பார்த்த முகம். அடுத்த வீட்டு வாசலில் எரியும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, சிரித்தபடி நிற்கிற முகம்.

“அக்கா,” என்றாள் மெதுவாக. அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. “பிள்ளையின்ர பெயரை அழிச்சுப்போடாதையுங்கோ. என்ன வேணும்? சொல்லுங்கோ.”

மேலே எங்கோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

அந்த அமைதிக்குள், அவளுடைய காதோரத்தில், சூடான மூச்சோடு, ஒரு சொல்.

“மட்டும்.”

அவள் நேர்ந்தபோது சொன்ன அதே சொல். அவளுடைய குரலிலேயே.

அன்று மாலை நாலு மணிக்குக் கனகேஸ்வரி பதினெட்டுச் சாமிகளையும் இரண்டு சீலைகளில் கட்டி, சிவமணியின் கதவைத் தட்டினாள். உலகத்திலுள்ள எந்தக் கதவையும் அதற்குப் பதில் தட்டியிருப்பாள். ஆனால் சாமிகளைக் கண்டவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. தொடர்மாடியில் சாமியறையைத் துடைத்து மினுக்கி வைத்திருக்கிற மற்றொருத்தி சிவமணிதான். அதுவும் அவளுக்கு ஒரு எரிச்சல்.

“என்ன கனகக்கா, வேதத்துக்கு மாறிச் சேர்ச்சுக்குப் போறீங்களோ?” சிவமணியின் கண்கள் உருண்டன.

“வீட்டில வெள்ளையடிக்கிறம்.”

“எத்தினை நாளைக்கு?”

கனகேஸ்வரி மூட்டையை அவிழ்த்தாள். “வைச்சிரும். நல்லாப் பூ வையும்,” என்றாள். கடைசியாகக் கொடுத்த பிள்ளையார் படத்தை மட்டும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய கை விடவில்லை. சிவமணி இழுத்துத்தான் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கடவுச்சீட்டைத் திறந்தாள். கறை அப்படியே இருந்தது. ஆனால் காய்ந்திருந்தது. மகனின் பெயரின் இரண்டாவது எழுத்தில் வந்து நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்து வெயில் வந்தபின், வெறுமையான சாமியறையில், ஆணிகள் மட்டும் நிற்கும் சுவருக்கு முன்னால் விளக்கேற்றினாள். தரையில் வைத்ததும் அணைந்தது. பலகையில் வைத்தாள், அணைந்தது. இரண்டு கைகளையும் குவித்து நெஞ்சுக்கு நேரே ஏந்தினாள்.

எரிந்தது.

கை சுட்டது. எரிந்துகொண்டேயிருந்தது. எண்ணெய் தீரும்வரை அவள் அசையாமல் நின்றாள். தேங்காயெண்ணெய்தான் ஊற்றியிருந்தாள். மணந்தது இலுப்பெண்ணெய்.

பதினோராம் நாள் ஆனந்தன் விமான நிலையத்துக்குள் போனான். வெளியே இரும்பு வேலிக்கு இந்தப் பக்கம் இருவரும் நின்றார்கள். ஒரு மணித்தியாலம், இரண்டு. திருப்பி அனுப்பியிருந்தால் வந்திருப்பான். வரவில்லை. தலைக்கு மேலே ஒரு விமானம் எழும்பியபோது, இராஜநாயகம் அது எந்த விமானமென்று தெரியாமலே கையசைத்தார். கனகேஸ்வரி அழுதாள். சிவமணியின் மகனுக்கு முதல் ஏறிவிட்டான் என்ற நினைவு அந்த அழுகைக்குள்ளும் இனித்தது.

அன்று இராஜநாயகம் கொப்பியில் எழுதினார்: ‘நூதனசாலைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அட்டையை முதலில் வாசிக்கவும்.’ மூன்று தரம் கீழ்க்கோடு போட்டார்.

போய்ச் சேர்ந்ததும் போன் எடுத்துக் கதைப்பேன் என்று ஆனந்தன் சொல்லியிருந்தான். முதல் நாள் போன் வரவில்லை. இராஜநாயகம் போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். சாப்பாட்டுத் தட்டைக்கூட அங்கேதான் வாங்கினார். இரண்டாம் நாளும் அது அடிக்கவில்லை. மூன்றாம் நாள் ரிசீவரைத் தூக்கி, லைன் இருக்கிறதா என்று நூறு தரம் பார்த்தார். இருந்தது. கனகேஸ்வரி காலையில் விளக்கை ஏந்தியபடி அந்தக் கறுப்புப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ‘பிள்ளை, பிள்ளை’ என்று மனம் சொல்லும்போதெல்லாம் சுடர் அவள் பக்கம் சாய்ந்து விரலைச் சுட்டது.

நாலாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போன் அடித்தது. இராஜநாயகம் பாண் வாங்கக் கீழே போயிருந்தார். கனகேஸ்வரி ஓடிவந்து எடுத்தாள்.

“அம்மா! அப்பாடா, கடைசியா நீங்கள் எடுத்திட்டீங்கள்!”

“ஆனந்தன்! ஏன்ரா ராசா கோல் எடுக்கேல்லை? நாங்கள் செத்துப்போனம் இஞ்ச.”

“என்னம்மா கதைக்கிறீங்கள்? மூண்டு நாளா கோல் எடுக்கிறன். நேற்று மட்டும் ஆறுதரம் எடுத்தனான்.”

“இல்லையடா. அப்பா போனைவிட்டு அரக்கேல்லை. ஒருக்காலும் அடிக்கேல்லை.”

“அடிச்சதம்மா. ஒவ்வொருக்காவும் ஒரு மனிசி எடுத்தவா.” லண்டனிலிருந்து அவன் குரல் ஒரு நொடி பிந்தி வந்தது. “அம்மாவைக் கூப்பிடுங்கோ எண்டால், ‘உன் அம்மா எனக்கு விளக்கேந்திக்கிட்டு நிக்கிறா, இனி வரமாட்டா’ எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுறா. ஆரம்மா அது? சிவமணி அன்ரியோ?”

கனகேஸ்வரி பதில் சொல்ல வாய் திறந்தாள்.

அவள் பேசுமுன், அதே லைனில், மகனுக்கும் அவளுக்கும் நடுவில், யாரோ மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

ரிசீவர் கையில் வழுக்கியது. அதன் துளைகளிலிருந்து எண்ணெய், சூடாக, அவள் உள்ளங்கைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.